காலம் காட்டாத பெயர்

சற்று நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களை மனத்திற்கொண்டு தொடங்கியது. எழுத எழுதச் சட்டத்திற்குள்ளும் மருத்துவத்திற்குள்ளும் சென்றுவிட்டது. பொறுமையுள்ளோர் தொடர்ந்து வாசிக்கலாம்.

ஜனவரி 30 காந்தியடிகளின் நினைவு நாள். அந்நாளையே இந்திய அரசு தொழுநோய் எதிர்ப்பு நாளாகவும் கடைப்பிடிக்கிறது. இவ்வாண்டு ஒரு கல்லூரியில் நிகழ்ந்த கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வழக்கம்போல் உறுதிமொழி வாசிக்கப்பட்டது. வாசித்து அமர்ந்ததும் முதுகலை மாணவி ஒருவர், "இது ஒழிந்துபோன நோய்தானே, பிறகு எதற்கு உறுதிமொழி?" என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தனர். எனக்கு அது சிரிப்பதற்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. அவரை அவ்வாறு எண்ணவைத்தது நாம் வழங்கும் ஒரு சொல்.

2005 டிசம்பரில், இந்தியாவில் பதிவேட்டிலுள்ள தொழுநோயாளிகளின் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் வரம்பிற்குக் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் இந்நிலைக்கு வைத்திருந்த பெயர் எலிமினேஷன். அதாவது, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையை நோய் இழந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். ஒரு நோய் அடியோடு இல்லாமற்போவதைக் குறிக்கும் சொல் வேறு: இராடிகேஷன். மனித நோய்களுள் அந்த நிலை பெரியம்மை ஒன்றிற்கே வாய்த்தது. தமிழில் இவ்விரண்டையும் நாம் 'ஒழிப்பு' என்றே எழுதினோம். சுவரொட்டியிலும் பாடநூலிலும் தொழுநோய் ஒழிக்கப்பட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,82,815 பேரில் 1,07,851 பேர் இந்தியாவில் இருந்தனர். பாதிக்கு மேல்.

அந்தப் பதிவேட்டின் இயல்பையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்துச் சிகிச்சையை முடித்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அவர் இனி நோயாளி அல்லர். மருத்துவ நோக்கில் இது சரியே. ஆக, அரசின் எண்ணிக்கையில் அவருக்கு இறந்தகாலம் உண்டு. அரசின் சட்டத்திலும் நம் பேச்சிலும் அது கிடைத்ததா என்பதே இப்பதிவின் கேள்வி.

மருத்துவச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்வேயின் பெர்கன் நகரில் 1873இல் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். 1940களில் டாப்சோன் வந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்குத் தொற்றும் தன்மையை இழக்கிறார். மனிதர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நுண்ணுயிரியை வெல்லும் இயற்கை எதிர்ப்பாற்றல் இருக்கிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இவற்றினும் முக்கியமான ஒன்று நம் தமிழ் மண்ணில் தெளிவானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் கைகளை ஆராயத் தொடங்கினார். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதை அவர் வற்புறுத்தினார். நோய் தாக்குவது நரம்பை. நரம்பு மரத்துவிட்டால் வலி தெரியாது. வலி தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றிக்கொள்ளும், ஆணியை அழுத்தும், புண்ணோடு வேலை செய்யும். விரல் குறைவது காயத்தாலும் அதைக் கவனியாததாலும் ஏற்படும் பின்விளைவு. இதை அறிந்தபின் அவர் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். செங்கற்பட்டை அடுத்த திருமணியிலும் வேலூரை அடுத்த கரிகிரியிலும் நடந்த பணிகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்நோயைப் பற்றிய அறிவில் தமிழகத்தின் பங்கு சிறியதன்று. அந்த அறிவு தமிழ்ச் சொற்களுக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் முரண். 'அழுகும் நோய்' என்றே இன்றும் பேசுகிறோம். உணர்விழப்பு நோய் என்று யாரும் சொல்வதில்லை.

இதன் விலை என்ன என்பதை விவேக் நகரில் நான் குடியிருக்கும் தெருவிலேயே பார்த்தேன். தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர். முன்கையில் வெளிறிய படை ஒன்று. தேமல் என்று களிம்பு வாங்கிப் பூசினார். ஒரு தனியார் மருத்துவமனையிலும் தேமல் என்றே சொல்லி அனுப்பினார்கள். ஊசி குத்தினால் அந்த இடத்தில் வலிப்பதில்லை என்பதை அவர் முன்பே கவனித்திருந்தார். தையல்காரருக்கு அது தெரியாமல் போகுமா? யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு கழிந்து, சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியபோதுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார். குளோஃபாசிமின் தோலைக் கருக்கச் செய்யும். அக்கம்பக்கத்தார் கேட்டால் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று சொல்லிவந்தார். "பேரு மட்டும் வாயில வந்துடக்கூடாது தம்பி, கடைக்கு ஒருத்தி வரமாட்டா" என்றார் என்னிடம். ஓராண்டில் நோய் தீர்ந்தது. விரல் மடங்கியபடியே இருக்கிறது. முதல் மாதத்திலேயே போயிருந்தால் நிமிர்ந்தே இருந்திருக்கும். அவர் அஞ்சியது நோய்க்கன்று, பெயருக்கு.

அப்படியானால் பெயரை மாற்றிவிடலாமே என்பது நம் காலத்தின் வழக்கமான விடை. மாற்றியும் இருக்கிறோம். குட்டம், குஷ்டம், பெருவியாதி, பெருநோய் என்றெல்லாம் வழங்கியதை இன்று தொழுநோய் என்கிறோம். கிறித்தவ மறைநூலின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகி' என்றிருந்தவர், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'தொழுநோயாளி' ஆனார். ஏற்கத்தக்க மாற்றம். ஆயினும் எதை எதாக மொழிபெயர்த்தோம் என்பதையும் கேட்க வேண்டும். லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்கள் பேசும் எபிரேயச் சொல் சாராஅத். அது மனிதத் தோலில் மட்டும் தோன்றுவதன்று. ஆடையிலும் தோன்றும், வீட்டுச் சுவரிலும் தோன்றும். எந்த நுண்ணுயிரியும் தோலையும் துணியையும் சுண்ணாம்புச் சுவரையும் ஒரே நோயாகப் பற்றாது. சடங்குத் தூய்மை குறைந்த நிலைக்கான சொல் அது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் 'லெப்ரா' என்றனர். பண்டைய கிரேக்க மருத்துவத்தில் அச்சொல் செதில் உதிரும் தோல் நோய்களைக் குறித்தது. நாம் இன்று தொழுநோய் என்று அறிவதைக் கிரேக்க மருத்துவர்கள் எலிஃபண்டியாசிஸ் என்றனர். ஆக, ஒரு மொழிபெயர்ப்பின் வழியே, சடங்குத் தீட்டு முழுவதும் ஒரு நரம்பு நோயின் தலையில் வந்து இறங்கியது. மொழிபெயர்ப்பியல் மாணவர்கள் இதைவிட விலையுயர்ந்த பிழையொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

வடமொழிக் 'குஷ்ட' என்பதும் அப்படியே. ஆயுர்வேதம் பதினெட்டு வகை குஷ்டம் பேசுகிறது. சித்த மருத்துவமும் பதினெண் குட்டம் என்கிறது. தோல் நோய்களின் ஒரு பெருந்தொகுதிக்கான பெயர் அது. அத்தொகுதியின் எச்சம்தான் 'வெண்குஷ்டம்'. தோலின் நிறமி குறைவதால் தோன்றும் அந்த வெண்திட்டுகளுக்கும் தொழுநோய்க்கும் எவ்வுறவும் இல்லை, தொற்றும் இல்லை. பெயர் ஒன்றினாலேயே எத்தனை திருமணங்கள் நின்றன என்பதை நம் ஒவ்வொரு குடும்பமும் அறியும். பாதிக்கப்பட்டோரின் நெடிய முயற்சிக்குப்பின் 2010இல் தமிழக அரசு 'வெண்புள்ளி' என்ற சொல்லை ஏற்றது. இங்கே பெயர் மாற்றம் உண்மையான விடுதலை. ஏனெனில் பெயரே பிழை. தொழுநோய்க்கு அந்த வழி திறக்காது. அது இருக்கும் நோய்.

'தொழுநோய்' என்பது புதுச்சொல்லும் அன்று. நாலடியாரின் தீவினையச்சம் அதிகாரத்தில் அது வருகிறது. முற்பிறவியில் நண்டின் கால்களை விரும்பி முறித்துத் தின்றவனுக்கு, இப்பிறவியில் விரல்கள் அழுகும் தொழுநோய் வருகிறது என்பது அப்பாடலின் கருத்து. நண்டின் காலுக்கு மனிதனின் விரல்! உயிர்க்கொலையை அஞ்சச் செய்யவேண்டும் என்ற சமண அறத்தின் பரிவு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பரிவு நண்டின்மேல் விழுந்தது. நோயுற்றவன்மேல் குற்றம் விழுந்தது. ஆகவே குஷ்டத்தை நீக்கித் தூய தமிழில் தொழுநோய் என்றதால் களங்கம் கழிந்துவிட்டது என்று கருத இடமில்லை. நாம் தேர்ந்த சொல்லுக்குள் வினைக்கொள்கை ஏற்கெனவே குடியிருந்தது. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' திரைப்படத்தில் எம்.ஆர். ராதா ஏற்ற மோகனசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபிறவிவரை காத்திருக்கவில்லை, ஒழுக்கக்கேட்டிற்கு இப்பிறவியிலேயே தண்டனை வந்துவிட்டது. பகுத்தறிவுப் பேச்சின் உச்சமென நாம் கொண்டாடும் படம், நோயைப் பாவத்தின் கூலியாகக் காட்டுவதில் நாலடியாருக்குப் பின்தங்கவில்லை. அதே கதை 2003இல் உபேந்திரா நடிக்கக் கன்னடத்தில் மீண்டும் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நோய்க்கு மருந்து வந்துவிட்டது. கதைக்கு அது தேவைப்படவில்லை.

பிரேசில் இன்னும் துணிந்து 1995இல் சட்டமியற்றி, 'லெப்ரா' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஹான்சன் பெயரால் வழங்கியது. 1948இல் ஹவானாவில் கூடிய அனைத்துலகத் தொழுநோய் மாநாடு 'லெப்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கைவிடக் கேட்டுக்கொண்டது. இவற்றை நான் எள்ளவில்லை. ஆனால் சொல்லை மாற்றினால் பழைய பொருள் புதுச்சொல்லில் குடியேறும் என்பதை நம் துறை நன்கறியும். என் கவனம் பெயரின் இலக்கணத்தின்மேல் இருக்கிறது.

பள்ளியில் படித்தது: பெயர்ச்சொல் காலம் காட்டாது. காட்டும் ஒரே வகை வினையாலணையும் பெயர். வந்தவர், வருகிறவர், வருபவர். 'தொழுநோயாளி' என்பதில் '-ஆளி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழிலாளி, கூட்டாளி, அறிவாளி, முதலாளி போன்று உடைமை காட்டும் ஆக்கம் அது. காலம் அதில் இல்லை. விகுதியின்மேல் மட்டும் பழிபோடவும் முடியாது. காசநோயாளி ஆறு மாத மருந்துக்குப்பின் அப்பெயரை இழக்கிறார். காய்ச்சலுக்குப் படுக்கையில் கிடந்த நோயாளி வீடு திரும்பியதும் வெறும் மனிதராகிறார். முதல் போனால் முதலாளியும் இல்லை. நிகழ்ந்தது முடிந்தபின்னும் ஒட்டிக்கொண்டேயிருக்கும் '-ஆளி' நான் தேடியவரையில் இன்னொன்று உண்டு: குற்றவாளி. தண்டனை முடிந்து வந்தபின்னும் ஊர் அவரை அப்படித்தான் அழைக்கும். இவ்விரு பெயர்களும் ஒரே வகையாக நடந்துகொள்வது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழுநோயைக் குற்றத்தின் தண்டனையாகக் கண்ட நெடுங்கால வழக்கம் இலக்கணத்தில் படிந்திருக்கிறது.

சட்டம் இதையே தன் மொழியில் செய்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், கொடிய, தீராத தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1955இல்தான். ஒரு கையால் மருந்து, மறு கையால் மணமுறிவு. அது அக்கால அறிவு எனலாம். ஆனால் 2001இல் நாடாளுமன்றம் 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, தீராத தொழுநோய் என்ற அதே காரணத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்தது. கூட்டு மருந்து வந்து இருபது ஆண்டுகளுக்குப்பின்! 'தீராத' என்ற ஓர் எதிர்மறைப் பெயரெச்சத்தைச் சட்டநூல்களிலிருந்து அகற்ற 2019 வரை ஆயிற்று. அவ்வாண்டின் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோயை நீக்கியது. எதிர்மறைப் பெயரெச்சமும் காலம் காட்டாது என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

ஒடிசாவின் நகராட்சிச் சட்டப்படி, தேர்தலில் வென்ற ஒருவர் தொழுநோயைக் காரணமாகக் காட்டிப் பதவி இழந்தார். அந்தத் தகுதிநீக்கம் செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டின் சட்டம், சட்ட ஆணையம் 2015இல் தன் 256ஆம் அறிக்கையில் வலியுறுத்தியபின், 2016இல் நீக்கப்பட்டது. ஜப்பானும் தன் தனிமைப்படுத்தும் சட்டத்தை 1996 வரை வைத்திருந்தது. ஆனால் 2001இல் குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அரசைக் குற்றஞ்சாட்டி இழப்பீடு வழங்கச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கேட்டது. பிரேசிலும் 2007இல், கட்டாயமாகத் தனிமைப்படுத்தப்பட்டோருக்கு ஓய்வூதியம் வழங்கச் சட்டமியற்றியது. நம் நாட்டில் அச்சட்டம், பயனற்றுப்போன வேறு பல சட்டங்களோடு ஒரே பட்டியலில் சேர்ந்து ஓசையின்றி மறைந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறொரு பெயரைத் தருகிறது: தொழுநோயிலிருந்து குணமடைந்தவர். ஒருவாறு இறந்தகாலம் வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தில் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர் இயக்கக் குறைபாடு உடையவர் மட்டுமே. 'இளம்பிள்ளைவாதத்திலிருந்து குணமடைந்தவர்' என்ற வகை இல்லை. இவருக்கு மட்டும் குணமடைந்த செய்தியைக்கூட அடையாள அட்டையில் தூக்கித் திரியும் கடமை. இங்கு என் நிலைப்பாடு உறுதியாக இல்லை என்பதையும் சொல்கிறேன். அப்பெயர் இல்லாவிடில் வேலை ஒதுக்கீடு இல்லை. தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் இல்லை. மறைத்தால் மதிப்பு, சொன்னால் சோறு. இதில் எதைத் தேர்வது என்று ஆய்வு மேசையிலிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. இயக்கக் குறைபாடு என்ற பொதுப்பெயரின் கீழேயே இவ்வுதவிகள் அனைத்தையும் தர ஏன் இயலாது என்று அரசைக் கேட்க மட்டும் உரிமை உண்டு.

விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைகளில் கூட்டம் பெருகும். தமிழரும் கன்னடரும் மலையாளிகளும், கிறித்தவர் அல்லாதோரும் வருவார்கள். சாலையோரத்தில் அமர்ந்திருப்போரில் விரல் குறைந்த முதியோர் சிலர் உண்டு. மற்றவர்களுக்குக் காசைக் கையில் வைப்பவர், இவர்களுக்குச் சற்று உயரத்திலிருந்து தட்டில் போடுவார். நாணயம் விழும் அந்த உயரத்தை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். இம்முதியோரில் பலர் மருந்தை எப்போதோ முடித்தவர்களாக இருப்பர். தொற்றுவதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது நோயின் தழும்பு. தழும்பை நோயாக வாசிக்கிறோம், இறந்தகாலத்தை நிகழ்காலமாக.

இதே நகரின் மேற்கில், மாகடி சாலையில், தொழுநோய் கண்டோருக்கான சுமனஹள்ளி இருக்கிறது. நல்மனத்தோர் ஊர் என்று பொருள்படும் பெயர். 1970களில் பெங்களூரு உயர்மறைமாவட்டம் அரசின் துணையோடு தொடங்கிய மறுவாழ்வு நிலையம். இன்று நகரில் பலருக்கு அது வெளிவட்டச் சாலையின் ஒரு மேம்பாலம் மட்டுமே. 'சுமனஹள்ளி சிக்னலில் நெரிசல்' என்று நாள்தோறும் சொல்வோரில் எத்தனை பேருக்கு அப்பெயரின் கதை தெரியும்? இந்த மறதியை நான் வரவேற்கிறேன். ஓர் இடப்பெயர் நோயை உதிர்த்துவிட்டு வெறும் நெரிசலாகிவிட்டது. மனிதர்க்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. நாடெங்கும் சுமார் 850 தொழுநோய்க் குடியிருப்புகள் இருப்பதாகச் சட்ட ஆணையம் குறித்தது. அவற்றுள் நோயே வராத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். பள்ளிச் சேர்க்கையிலும் பெண் பார்க்கும்போதும் முகவரியே அவர்களுக்குப் பெயராகிறது.

இறுதியாக நம் வட்டத்திற்கு. கருத்தரங்கக் கட்டுரைகளில் 'சாதி என்னும் தொழுநோய்', 'ஊழல் என்னும் பெருநோய்' என்று எழுதுகிறோம். எழுதுவோர் முற்போக்காளர், நோக்கமும் நல்லது. ஆனால் இவ்வுருவகம் இயங்க வேண்டுமானால், தொழுநோய் அருவருப்பானது, தீராதது, பரவுவது என்பதை வாசகர் முன்னரே ஏற்றிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைச் சொல்ல 'லெப்பர்', 'பரையா' என்று இரு சொற்கள் அருகருகே வழங்குகின்றன. இரண்டாவது, தமிழகத்தின் ஒரு சாதிப் பெயரிலிருந்து போனது. அதைக் கேட்டுச் சினம் கொள்ளும் நாம், முதலாவதைத் தமிழில் தயக்கமின்றி உருவகமாக்குகிறோம். அண்மையில் ஓர் ஆய்விதழுக்கு வந்த கட்டுரையை மதிப்பிட்டபோது இத்தொடரை நீக்குமாறு குறித்தேன். கட்டுரையாளர், "இது வெறும் உருவகம்தானே" என்று மறுமொழி எழுதியிருந்தார். பதிப்பாசிரியர் அவர் பக்கம். கட்டுரை அப்படியே வெளிவரும்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். நோய் தீர்ந்தபின் ஒருவரை ஊர் எந்தச் சொல்லால் சுட்டுகிறது என்பதை வட்டாரவாரியாகத் தொகுத்துவருகிறேன். தமிழகம், ஈழம், மலையகம், மலேசியா, பெங்களூரு, எந்த வழக்காயினும் சரி. குறிப்பாக, இறந்தகாலம் காட்டும் வடிவம் ஏதேனும் உங்கள் காதில் விழுந்திருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். சொல், அது வழங்கும் வட்டாரம், சொல்பவரின் ஏறத்தாழ வயது மட்டும் போதும். யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பது வேண்டாம்.